டிரெய்லர் வீட்டில் குடித்தனம்: கேஸ், தண்ணீர், பேரிங், பட்டறை

2025 மார்ச் 9, காலை

வாசகர் ஒருவரின் கேள்வி: மதுரைப் பக்கம் டிரெய்லரில் குடியிருப்பது நடக்கிற காரியமா? ஓய்வு பெற்றதும் நானும் மனைவியும் அப்படி இருந்து பார்க்கலாமா என்று யோசிக்கிறோம். லாரி வைத்திருந்த என் தம்பி வேண்டாம் என்கிறான். சக்கரம் உள்ள எதுவும் வாரத்தில் இரண்டு நாள் பட்டறையில் நிற்கும், மிச்ச நாள் கேஸுக்கும் தண்ணீருக்கும் அலைந்தே போய்விடும் என்பது அவன் கணக்கு. உண்மையா?

2025 மார்ச் 9, இரவு

உங்கள் தம்பி சொன்னதில் பாதி உண்மை. அலைச்சல் உண்டு. பட்டறை அவ்வளவு இல்லை.

நாங்கள் ஏறி பதினான்கு மாதம் ஆகிறது. பதினாறு அடி டிரெய்லர், ஒற்றை ஆக்ஸில், அதாவது இரண்டே சக்கரம், இழுப்பது பொலீரோ. இவர், என் வீட்டுக்காரர், தோட்டங்களில் சொட்டு நீர்ப் பாசனக் குழாய் பதிக்கிற வேலை செய்கிறார். வேலை எங்கேயோ அங்கே ஒரு மாதம், ஒன்றரை மாதம். அலங்காநல்லூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர் என்று இந்த வட்டத்துக்குள்தான் சுற்றுகிறோம். நான் நாலு கடைகளுக்கு லேப்டாப்பில் கணக்கு எழுதுகிறேன். நிற்கிற இடம் பெரும்பாலும் வேலை கொடுத்தவரின் தோப்பு. கிணற்றுத் தண்ணீரும் மின்சாரமும் அங்கேயே கிடைத்துவிடும்.

வேனையே வீடாக மாற்றிக்கொள்வதா, டிரெய்லரா என்றால் டிரெய்லரைத்தான் சொல்வேன். வேன் பட்டறைக்குப் போனால் வீடும் கூடவே போகும். எங்கள் பொலீரோ போன மழைக்காலத்தில் கிளட்ச் வேலைக்காக இரண்டு நாள் நின்றது. நாங்கள் தோப்பில் எப்போதும் போலத் தூங்கினோம். டிரெய்லரிலேயே கோளாறு என்றாலும் வீட்டை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கெட்டுப்போன சாமானை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனால் போதும். இன்றுவரை அப்படித்தான் சமாளித்திருக்கிறோம்.

2025 மார்ச் 11

அலைச்சலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா, அதைச் சொல்கிறேன்.

கேஸ்: முகவரி இல்லாமல் வீட்டு இணைப்பு வாங்குவது சிரமம். நாங்கள் ஐந்து கிலோ சிலிண்டர் வைத்திருக்கிறோம். சோட்டு என்று சொல்கிறார்களே, அது. அடையாள அட்டை மட்டும் போதும், முகவரிச் சான்று கேட்பதில்லை. ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் வீட்டு சிலிண்டரைவிட விலை கூடுதல். எங்கள் இரண்டு பேருக்கும் பதினெட்டு, இருபது நாள் வரும். இரண்டு சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தீர்ந்த அன்றே அடுத்ததை வாங்க ஓட வேண்டியிருக்காது.

குடிநீருக்கு இருபது லிட்டர் கேன். மூன்று நாளைக்கு ஒன்று. கேன் போடுகிற பையன்கள் தோப்புக்குள் வரமாட்டார்கள், மெயின் ரோட்டு டீக்கடையில் இறக்கிவிட்டுப் போவார்கள். பார்சலும் அதே மாதிரிதான். புது இடத்துக்குப் போனதும் எங்கள் முதல் வேலை டீக்கடையில் டீ குடிப்பது. மூன்றாவது டீக்குள் "உங்க பேருக்குப் பார்சல் வந்தா வாங்கி வைக்கவாக்கா?" என்று அவர்களே கேட்டுவிடுவார்கள்.

காய்கறிக்கு, ஊருக்குள் போகிற நாளாக இருந்தால் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை. 1999இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய உழவர் சந்தை அதுதான். காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும்.

ரேஷன் மட்டும் முடியாது. கார்டு இருக்கிற கடை தெற்கு வாசல் பக்கம், மாதத்துக்கு ஒரு தடவை அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

2025 மார்ச் 12

ரேஷனைப் பற்றி நேற்று எழுதியது தவறு. 2020 அக்டோபரிலிருந்து எந்த ரேஷன் கடையிலும் விரல் ரேகை வைத்து வாங்கலாம். ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. இன்று காலை இங்கே வாடிப்பட்டியில் உள்ள கடையிலேயே அரிசியும் சர்க்கரையும் வாங்கிவிட்டேன். பதினான்கு மாதம் வீணாகத் தெற்கு வாசலுக்குப் போய் வந்திருக்கிறேன்.

கேஸ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது முக்கியம். சிலிண்டரை வண்டிக்கு உள்ளே வைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில்தான் தேங்கும். நாம் படுப்பதும் தரைக்கு அருகில்தான். எங்கள் சிலிண்டர் முன்பக்கம் இழுவைக் கம்பியின் மேல் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. கசிகிற கேஸ் கீழே வெளியேறிவிட, பெட்டியின் அடியில் நான்கு ஓட்டை.

2025 ஏப்ரல் 3

நேற்று வலது சக்கரத்தின் பேரிங் போனது.

உசிலம்பட்டியில் வேலை முடிந்து நாகமலைப் பக்கம் வந்துகொண்டிருந்தோம். செக்கானூரணி தாண்டும் முன் டீக்கு நிறுத்தினார். எங்கே நிறுத்தினாலும் நான் இறங்கி இரண்டு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். இடது பக்கம் வெதுவெதுப்பு. வலது பக்கம் கையை வைக்கவே முடியவில்லை. கிரீஸ் உருகி ரிம்மில் கோடுகோடாக வழிந்திருந்தது. அது கருகின வாடையும் வந்தது. இன்னும் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டினோம். ஒரு சக்கரத்தைக் கழற்றிவிட்டு டிரெய்லரைத் தனியாக விடுவது ஆபத்து, ஜாக்கி சரிந்தால் வீடு சாய்ந்துவிடும். அதனால் பொலீரோவைக் கழற்றவில்லை, அது பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஆக்ஸிலுக்கு அடியில் இரண்டு மரக்கட்டை, மற்றச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். மூடியைத் தட்டி எடுத்து, நட்டு கழலாமல் பூட்டியிருக்கிற பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைத் திருகி, பேரிங் உட்கார்ந்திருக்கிற நடுக்குடத்தை, அதாவது ஹப்பை, வெளியே இழுத்தார். உள் பேரிங்கின் உருளைகள் நீலம் பாய்ந்திருந்தன. ஒன்றில் தோல் உரிந்த மாதிரி பொரிந்திருந்தது.

ஹப்பைச் செய்தித்தாளில் சுற்றி, காய் வாங்குகிற ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு இவர் ஆரப்பாளையம் பஸ் ஏறினார். நான் வீட்டுக்குக் காவல். மார்ச் மாதக் கணக்கு இரண்டு கடைக்கு முடித்தேன்.

சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடை அண்ணன், பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து நம்பரைப் படித்தாராம். உள்ளே 30206, வெளியே 30205. "கடைசி ரெண்டு நம்பரை அஞ்சால பெருக்குங்க. உள்விட்டம் மில்லிமீட்டர்ல வந்துரும்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆறைந்து முப்பது, ஐயைந்து இருபத்தைந்து. வந்ததும் ஆக்ஸிலில் வைத்துப் பார்த்தோம், அப்படியே சரியாக இருந்தது. வண்டிக் கம்பெனி பெயர் தெரியாவிட்டாலும் நம்பர் தெரிந்தால் போதும். நான் இரண்டு நம்பரையும், கிரீஸ் வெளியே வராமல் தடுக்கிற ஆயில் சீலின் அளவையும் பெயின்டால் கதவின் உட்புறம் எழுதி வைத்துவிட்டேன்.

கிரீஸ் சரியில்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். போன தடவை போட்டது ஏதோ தளதளவென்று இருந்தது. இந்தத் தடவை ஏ.பி.3 கிரீஸ். மாலை ஐந்தரைக்கு வண்டி நகர்ந்தது.

2025 ஏப்ரல் 6

காரணம் கிரீஸ் இல்லை.

அந்த ஸ்பேர்ஸ் கடை அண்ணனிடம் ஸ்பேருக்கு ஒரு செட் வாங்க நானே போனேன். பழைய பேரிங்கையும் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ம்மா, நட்டை ரொம்ப இறுக்கிட்டாங்க" என்றார். இந்த மாதிரிக் கூம்பு பேரிங்கை வீல் நட்டை இறுக்குவது போல முழு பலத்தோடு இறுக்கக் கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும், சுற்றுவது கனமாகும்போது நிறுத்திவிட்டு, பூட்டுப் பின் செருகுகிற ஓட்டை நேராக வருகிற அளவுக்குக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது, சுற்றினால் தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும். ஜனவரியில் சீல் மாற்றிய இடத்தில் நீளமான பைப்பைச் செருகி இறுக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கெட்டியாக இருக்கிறது என்று அப்போது சந்தோஷப்பட்டேன்.

அன்று மாலை இடது பக்கத்தையும் கழற்றி, தளர்த்தி, திரும்ப மாட்டினோம். அதுவும் இறுக்கமாகத்தான் இருந்தது.

2025 மே 9

இப்போது கள்ளந்திரி பக்கம் ஒரு மாந்தோப்பில் இருக்கிறோம். இன்றைக்குள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்காக நாளை மாலை கள்ளழகர் மலையிலிருந்து இறங்குகிறார். பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி வழியாக மண்டகப்படி மண்டகப்படியாக நின்று மூன்றுமாவடி போவார். 11ஆம் தேதி அவரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை, 12ஆம் தேதி அதிகாலை வைகை ஆற்றில் இறங்குகிறார். அதுவரை இந்த ரோட்டில் பதினாறு அடி டிரெய்லரை வெளியே எடுக்க நினைக்கவே கூடாது. கேன் ஐந்து, சிலிண்டர் இரண்டு, பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர், அரிசி. தயார்.

2025 மே 13

அழகர் எங்கள் தோப்பு வாசல் வழியாகவே போனார். ஐந்து கேனில் மூன்று கேன் தண்ணீரை நடந்து வந்த சனங்களுக்குக் கொடுத்தாயிற்று. ஒரு பாட்டி படியில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "அழகருக்கும் உங்களுக்கும் ஒண்ணுதான், போற எடமெல்லாம் வீடு" என்றார். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2025 மே 21

வெயிலில் எப்படி என்று கேட்டவருக்கு: அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை இருக்க முடியாது. ஃபேன் அனலைத்தான் வீசும். போன வருடம் கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடித்தோம், கொஞ்சம் பலன் இருந்தது. இந்த வருடம் சோழவந்தானிலிருந்து முடைந்த தென்னங்கீற்று முப்பது வாங்கினோம். கூரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மூங்கில் கட்டி அதன் மேல் வேய்ந்திருக்கிறோம். தகரத்துக்கும் கீற்றுக்கும் நடுவில் காற்று ஓட வேண்டும். நேராகத் தகரத்தின் மேலேயே போட்டால் பயன் குறைவு. கிளம்பும்போது பிரித்துச் சுருட்டி அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடலாம். சோலார் தட்டு இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

2025 ஜூலை 14

விளக்குக் கோளாறு. பிரேக் அழுத்தினால் டிரெய்லரில் இடது இண்டிகேட்டர் எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கு எல்லாம் சேர்ந்து மினுக்குகிறது. பல்பு மாற்றினோம். இணைக்கிற ஏழு பின் சாக்கெட்டையும் புதிதாக வாங்கி மாட்டினோம். நேற்று முழு நாளும் போனது, கோளாறு போகவில்லை.

இன்று ஊமச்சிகுளத்தில் ஒரு எலெக்ட்ரீஷியன் தம்பி, இருபது வயது இருக்கும். சாக்கெட்டைத் தொடவே இல்லை. ஒரு ஒயரை எடுத்து பேட்டரி நெகட்டிவிலிருந்து டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் வைத்தான், எல்லாம் ஒழுங்காக எரிந்தது. "எர்த் இல்லக்கா. திரும்பிப் போக வழி கெடைக்கலன்னா கரன்ட் மத்த பல்பு வழியா சுத்திப் போகும்" என்றான். சட்டத்தில் எர்த் ஒயர் பிடிக்கிற போல்ட்டின் அடியில் துரு. உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினான். பத்து நிமிட வேலை. நூறு ரூபாய் கேட்டான், இருநூறு கொடுத்தேன்.

விளக்கு விசித்திரமாக எரிந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

2025 ஆகஸ்ட் 19

மார்ச்சில், வீட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை என்று எழுதினேன். அதைத் திருத்த வேண்டும். நான்கு நாளாக எங்கள் வீடு திருமங்கலத்தில் ஒரு பட்டறையில்தான் இருக்கிறது.

அலங்காநல்லூரிலிருந்து பேரையூர் போகிற வழி. திருமங்கலம் தாண்டி தே.கல்லுப்பட்டி ரோட்டில் வெள்ளைக் கோடு அடிக்காத ஒரு வேகத்தடை. மடார் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் இடது பக்கம், டிரெய்லரைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைகளில் பெரியது, சட்டத்தில் மாட்டுகிற வளையத்துக்கு நாலு விரல் தள்ளி முறிந்து, ஆக்ஸில் பின்னால் நகர்ந்து, டயர் மட்கார்டில் உரசிக்கொண்டிருந்தது. பட்டை முறிந்தால் கூடையில் போட்டு எடுத்துப் போக முடியாது. வீடே அதன் மேல்தான் நிற்கிறது.

ஆக்ஸிலை முன்னால் இழுத்துச் சங்கிலியால் சட்டத்தோடு கட்டி, நடுவில் மரக்கட்டை கொடுத்து, நடக்கிற வேகத்தில் அருகில் இருந்த பட்டறைக்குப் போனோம். அங்கே முறிந்த இடத்தை வெல்டிங் வைத்துக் கொடுத்தார்கள். இவருக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் இருட்டிவிட்டது. மறுநாள் காலை கிளம்பி, கல்லுப்பட்டி வருவதற்குள்ளேயே, வெல்டிங்குக்கு ஒட்டின மாதிரி பக்கத்தில் திரும்ப முறிந்தது. சங்கிலி கட்டி, கட்டை கொடுத்து மறுபடி திருமங்கலம்.

இந்தத் தடவை பட்டை வேலை மட்டும் செய்கிற பெரியவரிடம் விட்டோம். வெல்டிங்கைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். பட்டை வளைந்து நிமிர்வதே அதைச் சூடாக்கி ஆறவைத்துக் கொடுத்திருக்கிற பதத்தால்தான். வெல்டிங் சூடு பட்டால் அந்த இடத்தில் பதம் போய்விடும், அப்புறம் ஓடு மாதிரி உடையும் என்றார். புதுப் பட்டையை உலையில் வைத்து, பழுத்த இரும்பைப் பட்டடைக் கல்லில் போட்டு, பழைய பட்டையின் வளைவோடு பொருத்திப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். ஒரு அடி, ஒரு பார்வை, இன்னொரு அடி. அப்புறம் எண்ணெய்த் தொட்டியில் முக்கினார். புகை கூரை வரை எழும்பியது. அதோடு முடியவில்லை, திரும்ப மிதமான சூடு காட்டி ஆறவிட்டார். இல்லாவிட்டால் முறுக்கு மாதிரி நொறுங்கும் என்று சொன்னார். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வண்டி ஒரு பக்கம் தூக்கும் என்று வலது பக்கத்தையும் கழற்றச் சொல்லிவிட்டார். நட்டும் போல்ட்டும் வர இரண்டு நாள்.

பட்டறையில் குடித்தனம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். வீடு ஜாக்கியில் மூன்றடி உயரத்தில் நின்றது. படிக்குப் பதில் பெயின்ட் டப்பாவும் பலகையும். தளம் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் பால் பாத்திரத்தில் ஒரு ஓரம் பொங்கிவிடும், மறு ஓரம் கொதிக்காது. அடுப்பின் ஒரு காலுக்கு அடியில் தீப்பெட்டி வைத்தேன். ராத்திரி லாரிக்காரர்கள் வந்து ஹாரன் அடித்து எழுப்புவார்கள். எனக்குப் பெரிய கவலை குளியலும் கழிப்பறையும்தான். முதல் நாள் பெட்ரோல் பங்குக்கு நடந்தேன். இரண்டாம் நாள் பெரியவரின் மனைவி வந்து, "ஏன் தாயி அங்கிட்டுப் போற, வீடு பின்னாலதான இருக்கு" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். மூன்று நாளும் அங்கேதான் குளித்தேன். நேற்று அவர்கள் வீட்டில் சுண்டவற்றல் குழம்பு.

2025 ஆகஸ்ட் 21

கிளம்பியாயிற்று. பெரியவர் சொல்லி அனுப்பியது: நூறு கிலோமீட்டர் ஓடியதும், பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கிற யூ போல்ட் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பாருங்கள், புதுப் பட்டை அமர்ந்து கொஞ்சம் தளரும். பேரையூர் வந்ததும் இவர் ஸ்பேனர் போட்டார். எல்லா நட்டும் கால் சுற்று வாங்கின.

கேள்வி கேட்டவருக்கு, மார்ச்சில் நான் சொன்ன கணக்கைச் சரிசெய்கிறேன். பத்தில் எட்டுக் கோளாறுக்குச் சாமானைக் கழற்றிக்கொண்டு போனால் போதும். ஆக்ஸிலும் பட்டையும் இழுவைக் கம்பியும் அப்படி இல்லை, வீட்டோடுதான் போக வேண்டும். அதற்கு ஒரு பை தனியாக வையுங்கள்: இரண்டு நாள் துணி, மருந்து, டார்ச், கொசுவலை. பட்டறையில் கொசு அதிகம். உங்கள் மனைவிக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். என்னிடம் யாரும் முன்னாலேயே சொல்லவில்லை.

2025 அக்டோபர் 1

ஆயுத பூஜை. பொலீரோவுக்கும் டிரெய்லருக்கும் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஜாக்கி, வீல் ஸ்பேனர், கிரீஸ் டப்பா, என் லேப்டாப் எல்லாவற்றையும் படியில் வரிசையாக வைத்தோம். ஸ்பேர்ஸ் கடை அண்ணனுக்கும் திருமங்கலத்துப் பெரியவருக்கும் போன் செய்தோம். பெரியவர் பட்டையைப் பற்றித்தான் முதலில் கேட்டார், அப்புறம்தான் எங்களை.

இன்றும் நாளையும் எந்தப் பட்டறையும் திறந்திருக்காது. நகராமல் இருங்கள்.

2025 நவம்பர் 8

டயர் பற்றி உங்கள் தம்பி கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பட்டன், அதாவது தரையில் படுகிற மேடு, நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட நின்று நின்று வெயிலில் கெட்டுப்போவதுதான் அதிகம். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்களுடையது 1819, அதாவது 2019ஆம் வருடத்துப் பதினெட்டாவது வாரம். பட்டன் பாதிக்கு மேல் இருந்தது, ஆனால் ஓரத்தில் நகக் கீறல் மாதிரி வெடிப்பு. போன வாரம் இரண்டையும் மாற்றிவிட்டோம். நீங்கள் பழைய டிரெய்லர் பார்க்கப் போகும்போது இதையும், ஹப் ஆடுகிறதா என்பதையும், பட்டையில் எங்காவது வெல்டிங் பளபளக்கிறதா என்பதையும் குனிந்து பாருங்கள். உள்ளே கட்டில், அலமாரி எல்லாம் அப்புறம்.

இந்த மழை முடியும்வரை மேலூர் பக்கம்தான் இருப்போம். வந்து பார்க்க விரும்பினால் சனிக்கிழமை வாருங்கள், அன்று இவருக்கு வேலை இல்லை. மனைவியையும் அழைத்து வாருங்கள். வரும் வழியில் ஒரு தண்ணீர் கேன் வாங்கி வந்தால் உதவியாக இருக்கும், இங்கே டீக்கடை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.